கிணற்றடியில் விட்ட வாளி

போன வருஷம் மே மாதம் எங்கள் அடுக்ககத்தில் ஒரே இரவில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்தது. இரண்டு குடும்பமும் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் ஊருக்குப் போயிருந்தன. இரண்டுமே பின்பக்கத்து முதல் மாடி வீடுகள். பால்கனிக் கதவை நெம்பித் திறந்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் 11 பவுன் நகை, இன்னொன்றில் வெள்ளிக் குத்துவிளக்கும் ஒரு லேப்டாப்பும். அந்த வீட்டுக் குழந்தையின் உண்டியல் அலமாரியிலிருந்து மேஜைக்கு வந்திருந்தது. ஆனால் உடைக்கப்படவில்லை. நகையை விட அந்த உண்டியலைப் பற்றித்தான் ஒரு வாரம் எல்லாரும் பேசினோம்.

பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் குடியிருப்பு. 212 வீடுகள், 32 கேமராக்கள். பின்மதிலைப் பார்க்கிற கேமரா ஜனவரியிலிருந்தே வேலை செய்யவில்லை. அதற்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தோம்.

மறுநாள் மாலை கூட்டம் போட்டோம். "உள்ளாள் இல்லாம இது நடக்காது சார்" என்றார் ஒருவர். உள்ளே குடியிருக்கும் யாரும் அந்த 'உள்ளாள்' என்ற சொல்லுக்குள் வரமாட்டார்கள் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். வீட்டு வேலைக்கு வரும் அக்காக்கள், கார் துடைக்கிறவர், தண்ணீர் கேன் போடும் பையன், செக்யூரிட்டிகள், இவர்கள்தான் உள்ளாட்கள். வேலைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் வருகிறவர்கள். நகரத்துக்குள் இருந்த குடிசைகளைக் காலிசெய்து அரசு கொண்டுபோய்க் குடியமர்த்திய இடங்கள் அவை. முகவரியைச் சொன்னாலே பாதி விசாரணை முடிந்துவிடும்.

கடைசியில், வேலைக்கு வருகிற எல்லாரிடமும் கைரேகை வாங்கி கேட்டில் பதிவு வைப்பது என்று முடிவானது. "நீங்க ஐடிதானே, ஒரு நாள்ல முடிச்சிடலாம்ல?" என்று என்னிடம் கேட்டார்கள். முடித்துவிட்டேன். சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கி, ஏற்கெனவே இருந்த விசிட்டர் செயலியோடு இணைத்து, பெயர், போட்டோ, செல் நம்பர், வலது கட்டைவிரல். ஒரு சனிக்கிழமை மதியம் 94 பேர் வரிசையில் வந்து வைத்துவிட்டுப் போனார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது உறுத்தலே இல்லை. ஸ்கேனர் சரியாக வாசிக்கிறதா என்பது மட்டும்தான் கவலை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த விரல்களை அது வாசிக்க மறுத்தது.

இரவுக் காவலுக்கு இருந்தவர் அறுபதை நெருங்குகிறவர். உசிலம்பட்டிப் பக்கம். நான் திண்டுக்கல் பக்கம் என்று தெரிந்த நாளிலிருந்து, மற்றவர் முன்னால் 'சார்' என்றும் தனியாக இருக்கும்போது 'தம்பி' என்றும் கூப்பிடுவார். நான் 'அண்ணே' என்பேன். அவர் முறை வந்தபோது நான் சொல்லாமலே விரலைத் துடைத்து, இடமிருந்து வலமாக உருட்டி வைத்தார். "அப்படியே வெச்சா போதும்ணே, உருட்ட வேணாம்" என்றேன்.

"ஒத்தை விரல் போதுமா தம்பி? எங்க தாத்தாகிட்ட பத்து விரலையும்ல வாங்குனாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னது ரேகைச் சட்டத்தை என்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. புத்தகத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று படித்தது, ஊரில் ரேகைச் சட்டம். அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

வீட்டைத் திருடனிடமிருந்து காப்பது தமிழில் மிகப் பழைய பேச்சு. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி மதுரையின் ஒரு நாளைக் காட்டிக்கொண்டே வந்து நள்ளிரவுக்கும் போகிறது. இருட்டோடு கலந்துவிடும் உடையும், இடுப்பில் சுற்றிய நூலேணியுமாகத் திருடர்கள் பதுங்கி நிற்கிறார்கள். அவர்களைத் தேடி ஊர்க்காவலர்கள் அம்போடு நடக்கிறார்கள். தெருவில் தண்ணீர் ஓட மழை பெய்தாலும் அவர்கள் சுற்றுவதை நிறுத்துவதில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. திருட்டுத் தொழிலின் நுணுக்கங்களைத் தேர்ந்தவர்கள் என்று அந்தக் காவலர்களை அந்தப் பாட்டு புகழ்கிறது. திருடன் எப்படி யோசிப்பான் என்று தெரியாதவன் காவலுக்கு லாயக்கில்லை. அது தெரிந்தவனை வாசலில் நிறுத்திவிட்டு நாம் எப்படி நிம்மதியாகத் தூங்குவது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரி வருகிறது. ஊர்க்காவலுக்காக மக்கள் கொடுத்தது. அதை இங்கே தாண்டிப் போகிறேன். எனக்கு வேண்டிய கதை, பாளையக்காரர் காலத்திலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதிவரை மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் நடந்த காவல் முறை. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' படித்தவர்களுக்கு இந்த உலகம் அறிமுகம். 'அரவான்' படம் பார்த்தவர்களுக்கு அதில் ஒரு கீற்று.

கம்பெனிக்காரர்களின் ஆவணங்களில் இரண்டு காவல் வருகிறது. பெரிய வட்டாரத்துக்கும் வழிகளுக்கும் பாளையக்காரர் பொறுப்பேற்றது தேசகாவல். ஒரு ஊருக்குள் நடந்தது தலக்காவல். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்கள், தெற்கே திருநெல்வேலிப் பக்கம் மறவர்கள் என்று இடத்துக்கு இடம் காவல்காரர்கள் மாறினார்கள். கூலி பெரும்பாலும் அறுவடையில் தானியமாக வந்தது. சில இடங்களில் வரியில்லாத நிலம் கொடுத்தார்கள். இதற்குப் பதிலாகக் காவல்காரர் ஏற்றுக்கொண்ட பொறுப்புதான் இந்த முறையின் உயிர். ஊரில் ஏதாவது திருடு போனால் அதை அவர் கண்டுபிடித்துத் தரவேண்டும். முடியாவிட்டால் அதற்கு ஈடான மதிப்பைக் கொடுக்கவேண்டும்.

என் வேலையில் இதை எஸ்.எல்.ஏ. என்போம். சர்வர் இத்தனை நிமிஷத்துக்கு மேல் படுத்தால் இத்தனை பணம் பிடித்தம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். பிடித்தம் இல்லாத ஒப்பந்தத்தை எந்த வாடிக்கையாளரும் மதிப்பதில்லை. காவல் முறை அப்படிப்பட்ட ஒப்பந்தம்தான். காவல்காரரை நம்புகிறோமா இல்லையா என்ற கேள்வியை அது ஓரமாக வைத்துவிட்டது. அவர் நல்லவரோ கெட்டவரோ, ஆடு போனால் ஆட்டின் விலை வந்துவிடும்.

இதில் ஓட்டை இல்லாமல் இல்லை. காவல்கூலி பாக்கி வைத்த வீட்டில் ஆடு காணாமல் போகும். வைக்கோல்போரில் தீ தானாகப் பிடிக்கும். கூடவே துப்புக்கூலி என்று ஒன்று இருந்தது. மாடு காணாமல் போனவர் நடுவாள் ஒருவரைப் பார்ப்பார். மாட்டின் மதிப்பில் பெரும்பாலும் பாதி, துப்பு சொல்வதற்கான கூலியாகக் கைமாறும். பிறகு மாடு ஏதாவதொரு இடத்தில் கட்டிக் கிடக்கும். யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இன்று நாம் பெருமையாகச் சொல்லும் 'துப்பறிதல்' பக்கத்தில் இந்தத் துப்புக்கூலியையும் வைத்துப் பார்க்கலாம்.

ஆங்கிலேய அதிகாரிகள் துப்புக்கூலியைப் பற்றி எழுதும்போது, உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சாதிக் குணம் போல எழுதுகிறார்கள். லண்டனில் ஜோனதன் வைல்டு என்பவர் செய்ததும் இதே தொழில்தான். திருடர்களைப் பிடிப்பவர் என்று பேர் எடுத்து, திருட்டையும் தானே நடத்தி, திருடுபோன பொருளை உரியவரிடம் கூலிக்குத் திருப்பிக் கொடுத்தார். 1725இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரோடு சேர்த்து அவர் பிறந்த ஊரையோ சாதிசனத்தையோ யாரும் பதிவேட்டில் ஏற்றவில்லை.

*

1801இல் பாளையக்காரர் போர்கள் முடிந்து கர்நாடகப் பகுதி முழுக்கக் கம்பெனி கைக்கு வந்தது. தேசகாவல் உரிமைகள் பறிக்கப்பட்டன. வரியும் ஆயுதமும் தன்னைத் தவிர இன்னொருவரிடம் இருப்பதை எந்த அரசும் பொறுத்துக்கொள்ளாது, அதில் வியக்க ஒன்றுமில்லை. முதலில் தாரோகாக்களை வைத்துப் பார்த்தார்கள். சரிவரவில்லை. 1816இல் கிராமத் தலைவர், தலையாரி என்று பழைய ஆட்களையே கலெக்டருக்குக் கீழே கொண்டுவந்தார்கள். 1859இல் சட்டம் போட்டு, சம்பளமும் சீருடையும் உள்ள சென்னை மாகாணப் போலீசை உருவாக்கினார்கள்.

புதிய போலீஸ்காரருக்கு மாதச் சம்பளம் உண்டு. திருடு போன பொருளுக்கு விலை கொடுக்கும் கடமை இல்லை. நமக்கு இது இயல்பாகத் தெரிகிறது. அதற்கு முந்தைய தலைமுறைச் சம்சாரிக்கு இது விசித்திரமாக இருந்திருக்கும். ஸ்டேஷனோ பல மைல் தூரத்தில். போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் மாடு வராது, மாட்டின் விலையும் வராது. ஆகவே சட்டத்துக்கு வெளியே காவல் முறை இன்னும் நூறு வருஷம் ஓடியது. அரசுக்கு வரி, காவல்காரருக்குக் கூலி என்று ஊர் இரண்டு இடத்தில் கொடுத்தது. பாளையக்காரரும் சட்டமும் விலகிவிட்ட பிறகு, அந்தக் கூலி எப்போது காவல், எப்போது மிரட்டல் என்று சொல்ல ஒரு நடுவர் இல்லாமல் போனார்.

காவல்காரர் பக்கமிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். உசிலம்பட்டிச் சீமை வானம் பார்த்த பூமி. 1895இல் பெரியாறு அணை கட்டி முடித்துத் தண்ணீர் வந்தபோது அது கம்பம் பள்ளத்தாக்குக்கும் மதுரைச் சமவெளிக்கும் போனது. 58 கிராமக் கால்வாய் என்று உசிலம்பட்டிக்காரர்கள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருப்பது அந்த விடுபட்ட தண்ணீரின் தொடர்ச்சிதான். விளையாத நிலத்துக்காரர்களுக்கு அடுத்த ஊரின் விளைச்சலைக் காப்பது ஒரு விவசாயம்.

*

அணை கட்டிய அடுத்த வருஷம், 1896. என் ஊர்ப் பக்கம் நடந்த கதை இது. திண்டுக்கல் பகுதியில் ஊர்கள் கூடி, கள்ளர் காவல் இனி வேண்டாம் என்று எழுந்தன. நான் அங்கேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே பள்ளியில் படித்தவன். இதைப் பற்றி ஒரு வரிகூடக் கேள்விப்பட்டதில்லை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் தொகுதிகளில், அந்த வருஷத்துப் போலீஸ் நிர்வாக அறிக்கையிலிருந்து ஒரு நீண்ட பகுதியை எடுத்துப் போட்டிருக்கிறார். அதில்தான் முதலில் படித்தேன்.

அதிகம் அடிபட்டவர்கள் ஆடு வளர்த்த இடையர்கள். கூலி பாக்கி என்று சொல்லியும் ஆட்டை ஓட்டிப் போனார்கள், திருடியும் ஓட்டிப் போனார்கள். தொடங்கியவரும் ஓர் இடையர்தான். ஒரு கள்ளர் இடையர் வீட்டுப் பெண்ணையும் பிறகு அவள் மகளையும் கூட்டிப்போனதுதான் மூல காரணம் என்று ஒரு கதையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தக் கலகத்துக்கும் பின்னால் ஒரு பெண்ணை நிறுத்துவது அதிகாரிகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஒருசேரப் பிடித்த பழக்கம். ஆடு போனதே போதுமான காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆயிரக்கணக்கானவர்கள் திரண்ட கூட்டங்கள் நடந்தன. ஏர்மேல் சத்தியம் செய்தார்கள், இனிக் கள்ளரைக் காவலுக்கு வைப்பதில்லை என்று. அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. காவலை எடுத்துவிட்டால் இழப்பீடும் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பண்டு சேர்த்தார்கள். நாம் தீபாவளிப் பண்டு என்கிறோமே, அந்தப் பண்டு. மாடு போனவருக்கும் வீடு எரிந்தவருக்கும் அதிலிருந்து கொடுப்பது. இரவில் சுற்றி வர ஊர்க்காரர்களே முறை வைத்துக்கொண்டார்கள். ஊதுகொம்புகள் வாங்கினார்கள். ஓர் ஊரில் திருட்டு என்று கொம்பு ஊதினால் அடுத்த ஊர் கேட்டு ஊதும், அதைக் கேட்டு அடுத்தது. கொம்புச் சத்தம் கேட்டும் எழுந்து வராமல் படுத்துக் கிடந்தவருக்கு அபராதம். அபராதத்துக்கு முறையான விகிதம்கூட வகுத்திருந்தார்கள்.

அந்த அபராதத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாட்ஸப் குழுவில் 300 பேருக்கு மேல் இருக்கிறோம். "டி பிளாக் பின்னாடி சத்தம் கேக்குது" என்று யாராவது இரவு இரண்டு மணிக்குப் போட்டால் காலையில் கட்டைவிரல் படங்கள் வந்திருக்கும். எங்கள் கொம்பு நன்றாகவே ஊதுகிறது. எழுந்து வராதவனுக்குத்தான் விலை ஒன்றும் இல்லை.

ஆறு மாசம் திருட்டே நின்றுபோனது என்கிறது அந்த அறிக்கை. சாட்சி சொன்ன ஒருவர், ஜனங்கள் கிணற்றடியில் வாளியைக்கூட அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள் என்றிருக்கிறார். இந்த வாளியைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது. என் ஊர்க்காரர்கள், படிப்பில்லாதவர்கள், இவ்வளவு அழகான ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். நான் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடியிருக்கலாம்.

அடுத்த வரிகளில் தீ இருக்கிறது. வடக்கே இருந்த கள்ளர்கள் பலர் நிலத்தை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போனார்கள். சில இடங்களில் எதிர்த்து நின்றார்கள், கூட்டமாகத் திரண்டு ஊரை மிரட்டப் பார்த்தார்கள். ஓர் ஊரில் மூன்று கொலைகள் விழுந்தன, கள்ளர் தெரு எரிந்தது. யார் வைத்த தீ, கள்ளரா கவுண்டரா என்று கடைசிவரை தெரியவில்லை. ஆகஸ்டில் திண்டுக்கல் பகுதியின் இரண்டு ஊர்களில் ஜனங்கள் கும்பலாகப் போய்க் கள்ளர் தெருக்களைக் கொளுத்தினார்கள்.

ஏர்மேல் செய்த சத்தியத்தை மறுபடி படித்தேன். திருட்டு வேண்டாம் என்று அவர்கள் சத்தியம் செய்யவில்லை. இன்னார் வேண்டாம் என்று செய்தார்கள். அந்த ஊர்களில் காவல் பார்த்த கள்ளர், பார்க்காத கள்ளர், உழுது பிழைத்த கள்ளர், குழந்தை குட்டிகள், எல்லாரும் அந்த 'இன்னாருக்குள்' வந்துவிட்டார்கள். பண்டும் கொம்பும் முறைக்காவலும் தீப்பந்தம் பிடித்த அதே கைகளால்தான் நடந்தன. இரண்டையும் பிரித்து, நல்லதை மட்டும் என் முன்னோர் கணக்கில் எழுதிக்கொள்ள எனக்கும் ஆசைதான். அந்தக் கும்பலில் என் கொள்ளுப்பாட்டனார் நின்றாரா என்று சொல்ல ஊரில் இன்று யாரும் இல்லை. எரிந்த தெருக்காரர்களின் வாக்குமூலம் அந்தப் பக்கங்களில் எங்கும் இல்லை. நான் படித்ததெல்லாம் போலீஸ் எழுதியது.

*

ஊர்க்காரர்கள் தீயால் செய்ததை அரசு பதிவேட்டால் செய்தது. குற்றப்பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கியது. 1911இல் திருத்திய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு கூட்டத்தாரைக் குற்றப்பரம்பரை என்று அரசு அறிவித்துவிட்டால் போதும். அந்த அறிவிப்பு சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. 1914இல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மேல் அது பாய்ந்தது. 1918இல் பிரமலைக் கள்ளர் அனைவர் மேலும்.

வயதுவந்த ஆண்கள் பெயரைப் பதிந்து, ரேகை வைக்கவேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்கவேண்டும். இரவானால் ஸ்டேஷனிலோ அதற்கென்று குறித்த பொது இடத்திலோ போய்ப் படுக்கவேண்டும். ஊர் தூங்கும்போது விழித்திருப்பதைத் தொழிலாக வைத்திருந்தவர்களை ஒரே இடத்தில் படுக்க வைத்துத் தலையெண்ணினார்கள். புது மாப்பிள்ளைக்கும் இதே கதிதான்.

ரேகைத் தொழில்நுட்பமே அப்போது புதுசு. எட்வர்ட் ஹென்றியின் கீழ் 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியது. பல்லாயிரம் ரேகைச் சீட்டுகளிலிருந்து ஒன்றைத் தேடி எடுக்கும் வகைப்பாட்டு முறையைச் செய்ததில் அஜிஸுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹக் கணிதம் படித்தவர். தேடலை எளிதாக்கும் கணக்கு என்ற அளவில் அது எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று. அவரும் ஸ்கேனர் வாசிக்கிறதா என்று மட்டும்தான் கவலைப்பட்டிருப்பாரோ என்னவோ.

பெருங்காமநல்லூர்க்காரர்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் அங்கே சுட்டது. இறந்தவர்கள் 16 பேர் என்று ஊர் கணக்கு வைத்திருக்கிறது. அதில் மாயக்காள் ஒருவர்தான் பெண். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர். இந்தச் சட்டத்துக்கு எதிராக நின்றவர்களில் முக்கியமானவர் மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப். மலையாளி. சட்டையில் ரோசாப்பூ வைப்பாராம், அதனால் கள்ளர்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டார்கள். பிறகு முத்துராமலிங்கத் தேவரும் பி. ராமமூர்த்தியும் அந்தப் போராட்டத்தில் நின்றார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் ஒழிந்தது. நாடு முழுக்க 1952இல்.

காவல் என்ற சொல் மட்டும் வேறு கைக்குப் போய்விட்டது. இன்று காவல்துறை, காவலர், காவல் நிலையம் எல்லாம் அரசாங்கத்தினுடையவை.

*

திரும்ப எங்கள் கேட்டுக்கு வருகிறேன். ஜூலையில் பொதுக்குழு கூடியபோது இரண்டு யோசனைகள் வைத்தேன். ஒன்று பண்டு. வீட்டுக்கு மாதம் 100 ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 2,54,400 ரூபாய். திருடு போனவருக்கு ஒரு பகுதியாவது ஊரே கொடுக்கும். "அப்ப ஒவ்வொருத்தரும் பூட்டாமயே போவாங்க" என்றார் ஒருவர். தப்பான வாதம் இல்லை. "இன்சூரன்ஸ் போட்டுக்க வேண்டியதுதானே" என்றார் இன்னொருவர். அதுவும் சரிதான். பண்டு அங்கேயே விழுந்தது. 11 பவுன் போன அம்மா ஒன்றும் பேசவில்லை.

இரண்டாவது, ரேகை எல்லாருக்கும் பொது என்று வைப்போம், குடியிருப்பவர்களும் வைக்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு யாரோ சிரித்தார்கள், கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். சரி, அப்படியானால் வாங்கியதை அழித்துவிடலாமா என்று கேட்டதற்கு, "இருந்துட்டுப் போகட்டும் சார்" என்றார் செயலாளர்.

முறைக்காவல் மட்டும் ஒப்புக்கொள்ளப்பட்டது. இரவு ரோந்துக்கு 14 பேர் பெயர் கொடுத்தோம். ஒரு புதன்கிழமை என் முறை. அண்ணனோடு இரண்டு மணிநேரம் நடந்தேன். இந்தக் குடியிருப்பில் ஆறு வருஷமாக இருக்கிறேன், அன்றுதான் அதைப் பார்த்தேன் என்று சொல்லலாம். மூணாவது மாடிக்காரர் ஊரில் இல்லை, கதவு இடுக்கில் பீட்சா நோட்டீஸ் ரெண்டு நாளாக எடுக்காமல் இருக்கிறது. அதை அவர் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். "இதைப் பாத்துத்தான் தம்பி வருவான்." இந்த வீட்டில் பகலிலும் லைட் எரிகிறது, ஆள் இருப்பது போலக் காட்டப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், பகலில் எரிகிற லைட்டுதான் ஆளில்லை என்று சொல்லும். பின்பக்கம் ஏசி பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏணிப்படி மாதிரி இருக்கின்றன. நாய் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் படுக்கவில்லை என்றால் ஏன் என்று பார்க்கவேண்டும். எந்த வீட்டுப் பாட்டி மூணு மணிக்கு எழுந்து தண்ணீர் குடிப்பார், எந்த வீட்டில் சாவி செருப்பு ஸ்டாண்டில் கிடக்கும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்டுக்கொண்டே நடந்த எனக்கு நடுவில் ஒரு நொடி அந்த எண்ணம் வந்தது. கூட்டத்தில் எல்லாருக்கும் வந்த அதே எண்ணம்தான். இவ்வளவு தெரிந்தவர் என்று.

அவருக்கு மாதம் முழுக்கப் பன்னிரண்டு மணிநேர வேலை, சம்பளம் ஏஜென்சி வழியாக. நகை போனால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் முடியாது. ஏஜென்சியும் கொடுக்காது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கிறது, தேடிப் படித்தேன்.

ரோந்து மூன்று வாரம் ஓடியது. என் அடுத்த முறை வந்த இரவில் அமெரிக்காக்காரர்களோடு எனக்கு ஒரு கால் இருந்தது, போகவில்லை. அபராதமும் இல்லை.

செப்டம்பரில் அண்ணனை மாற்றிவிட்டார்கள். குற்றம் எதுவும் சொல்லவில்லை. புது ஆள் வேண்டும் என்று கமிட்டி கேட்டது, ஏஜென்சி அனுப்பியது. அவர் பெயருக்கு நேரே இப்போது 'செயலில் இல்லை' என்று இருக்கிறது. ரேகை எங்கள் சர்வரில் அப்படியே இருக்கிறது. 11 பவுனும் இதுவரை கிடைக்கவில்லை.

தீபாவளிக்கு அவருக்கு போன் போட்டேன். சிறுசேரி பக்கம் ஒரு கட்டுமான இடத்தில் இருக்கிறாராம். கம்பிக்கும் சிமெண்டுக்கும் காவல், அதனால் தேவலை என்றார். கொஞ்ச நேரம் ஊர் மழை பற்றிப் பேசினோம். வைக்கப்போகும் நேரத்தில், "தம்பி, அந்தப் பின்பக்கக் கேமராவைச் சரி பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார்.

இன்னும் இல்லைண்ணே என்றேன்.